சங்கிலியைக் கேட்டது சாமி அல்ல

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். ஓடித் தப்ப முடியாதபடி சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அது நடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. பிறகு புதிய சட்டம் வந்தது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனாலும் மாட்டுத்தொழுவத்தில், கொல்லைப்புற அறையில், வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய விடுதியில் கட்டிவைக்கப்பட்டிருந்த ஒருவரை மீட்டார்கள் என்ற செய்தி ஓயவில்லை.

ஒவ்வொரு முறையும் விவாதம் ஒரே தடத்தில் ஓடுகிறது. ‘எல்லாம் மூடநம்பிக்கையால் வந்த வினை’ என்கிறது ஒரு தரப்பு. ‘பக்தியைப் பழிக்காதீர்கள், யாரோ சிலர் செய்த அக்கிரமம்’ என்கிறது மறுதரப்பு. அந்தக் கொட்டகையில் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார், ஏன் விட்டார்கள் என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

முதல் வாசல்

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று தூங்குவதை நிறுத்துகிறான். தனியே பேசுகிறான். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கல்லெடுக்கிறான். அந்த வீட்டில் முதலில் பேசுவது மருத்துவர் அல்ல, வீட்டுப் பெரியவர். ‘காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துப் பாருங்கள்’ என்கிறார். கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்கிறார். கையில் கயிறு ஏறுகிறது, கழுத்தில் தாயத்து ஏறுகிறது. அடங்கவில்லை என்றால் பெரிய தலங்களை நோக்கிப் பயணம் தொடங்குகிறது.

இதில் மத வேறுபாடு கிடையாது. ஏர்வாடி தர்காவுக்கு இந்துக் குடும்பங்கள் திரளாக வருகின்றன. தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் எல்லாச் சமூகத்தாரையும் பார்க்கலாம். குணசீலம், சோளிங்கர், கேரளத்துச் சோற்றானிக்கரை என்று வரிசை நீளும். மத நல்லிணக்கத்துக்குச் சாட்சி தேடுகிறவர்கள் மேடைகளை விட்டுவிட்டு இந்தப் பிராகாரங்களுக்கு வரலாம். துயரம் கூட்டிவந்த நல்லிணக்கம் என்பதுதான் வருத்தம்.

இதைப் படிப்பறிவில்லாதவர்களின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலூரில் மனநலச் சிகிச்சைக்கு வந்த 198 பேரிடம் ஆய்வாளர்கள் விசாரித்து 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு வருமுன் சமயம் சார்ந்த வைத்தியத்தை நாடியிருந்தார்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்டவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வந்து சேராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஏன் அங்கே போகிறார்கள்? முதல் காரணம் மிகச் சாதாரணமானது: வேறு இடம் பக்கத்தில் இல்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கிறார்கள். 2015–16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று கண்டது. கோடாங்கி மூன்று தெரு தள்ளி இருக்கிறார். மருத்துவர் இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில், வாரத்தில் சில நாள் மட்டும் இருக்கிறார்.

அடுத்த காரணம் ஆழமானது. ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று சொன்னால் குற்றம் வெளியே இருந்து வந்ததாகிவிடுகிறது. யாரோ செய்வினை வைத்தார்கள், புளியமரத்தடியில் எதையோ மிதித்துவிட்டான், அவ்வளவுதான். வந்தது போய்விடும். ‘மனநோய்’ என்று ஆகிவிட்டால் பழி இரத்தத்தில் ஏறிவிடுகிறது. தங்கைக்கு வரன் நிற்கும். பங்காளிகள் சொத்துப் பேச்சில் அதை எடுப்பார்கள். பூசாரியின் விளக்கம் மருத்துவ ரீதியாகத் தவறாக இருக்கலாம். ஆனால் அது அந்தக் குடும்பத்தை ஊரிலிருந்து தள்ளிவைப்பதில்லை. நாம் கொடுக்கும் சரியான விளக்கம் தள்ளிவைக்கிறது. மருத்துவர்களும் பகுத்தறிவாளர்களும் இந்த முரணை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிராகாரத்தில் கிடைப்பது என்ன?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் தமிழ்நாட்டின் ஒரு சிறிய முத்துசாமி கோயிலில் நடத்திய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. கடுமையான மனநோயுடன் அங்கே வந்து தங்கிய 31 பேரை வந்த நாளிலும் புறப்பட்ட நாளிலும் பரிசோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்தக் கோயிலில் பேயோட்டும் சடங்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. தங்க இடம் இலவசம். கூடவே வீட்டார் ஒருவர் இருப்பார். கோயில் வேலைகளில் கைகொடுக்கலாம். அவ்வளவுதான் வைத்தியம்.

31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. கோயிலுக்குப் போகாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு ‘மருந்தே வேண்டாம், கோயில் போதும்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் பரப்பினால் அது பொய். ஆனால் ஆய்வு காட்டிய ஒன்றை மறைக்கவும் வேண்டாம்: அடிக்காத, பயமுறுத்தாத, பெயர் சொல்லி அழைக்கிற ஓர் இடத்தில் நேரத்துக்குச் சோறும் தூக்கமும் கிடைத்தால் கலங்கிய மனம் ஓரளவு நிதானத்துக்கு வருகிறது.

திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்குவது வழக்கம். காவிரியில் நீராட்டு, பூஜை வேளைகளில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பது, பிரசாதம் என்று நாள் ஒரு ஒழுங்கில் ஓடும். மனநோயாளியின் வீட்டில் முதலில் குலைவது இந்த ஒழுங்குதான். இரவு பகலாகிறது, குளியல் நிற்கிறது, சாப்பாடு தவறுகிறது. கோயிலின் மணி அதைத் திரும்பக் கொண்டுவருகிறது.

இதன் எதிரே அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவை நிறுத்திப் பாருங்கள். காலையில் வரிசை, சீட்டு, நெரிசல், மருத்துவரிடம் சில நிமிடம், ஒரு மாத மாத்திரை. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் இன்னும் நூறு பேர் நிற்கும்போது அவர் என்ன செய்வார்? ஆனால் நோயாளியின் தாய்க்குத் தன் கதையைச் சொல்ல நேரம் கிடைத்த இடம் கோயில் வாசல்தான்.

காலம் தாழ்ந்தால்

நம்பிக்கை எங்கே உதவுகிறது என்பதைச் சொன்ன அதே நேர்மையோடு, எங்கே உயிரை வாங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளவயதில் தொடங்குகிறது. சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, குணம் திரும்புவது கடினமாகிறது. இரண்டு வருடம் தலம் தலமாக அலைந்துவிட்டு வருகிறவருக்கும், இரண்டாம் மாதமே வந்தவருக்கும் ஒரே மருந்து ஒரே பலனைத் தராது. கல்லூரி போயிருக்கும், வேலை போயிருக்கும், நண்பர்கள் விலகியிருப்பார்கள். மருந்து குரல்களை அடக்கலாம். போன வருடங்களைக் கொண்டுவராது.

இதைவிட அவசரமானவை உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று காய்ச்சலோடு பிதற்றினால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைக் கண்டு அலறினால், அது குடியை நிறுத்தியதால் வரும் ஆபத்தான நிலை. சர்க்கரை தாழ்ந்தாலும் ஏறினாலும், வலிப்புக்குப் பின்னும், வயதானவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும்கூட மனிதர் தன் நினைவின்றிப் பேசுவார். இவை எல்லாமே பார்ப்பவர் கண்ணுக்குப் ‘பிடித்துவிட்டது’ போலத்தான் தெரியும். வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆள் போய்விடலாம்.

பிள்ளை பெற்ற வீட்டைத் தனியே சொல்ல வேண்டும். பிரசவமான சில நாளில் அல்லது சில வாரத்தில் தாய் தூக்கமின்றிப் பரபரக்கிறாள். பிள்ளை தன்னுடையதில்லை என்கிறாள். அதைத் தொடப் பயப்படுகிறாள், அல்லது அதற்கு ஏதோ ஆபத்து என்று விடாமல் பிடித்துக்கொள்கிறாள். தீட்டு வீட்டில் ஏதோ புகுந்துவிட்டது என்று கிழவிகள் சொல்வார்கள். இது பிரசவத்தை ஒட்டி வரும் மனநோய். மிகப் பெரும்பாலான தாய்மார்கள் சிகிச்சையில் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். தாமதித்தால் தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிர். தாயத்துக் கட்ட வேண்டுமென்றால் மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் கட்டிக்கொள்ளலாம்.

சங்கிலியின் கணக்கு

ஏர்வாடிக்குத் திரும்புவோம். சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது அடக்கமான அந்த தர்காவில் பல தலைமுறைகளாக மனநோயாளிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். தர்கா எண்ணெயும் தண்ணீரும் மருந்து. கனவில் ‘உத்தரவு’ கிடைத்தால் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது நம்பிக்கை. தீப்பிடித்தது தர்காவில் அல்ல; அதைச் சுற்றி முளைத்த தனியார் ‘மனநோயாளிகள் இல்லம்’ ஒன்றில். உத்தரவு வரும்வரை உடன் தங்க முடியாத குடும்பங்கள் பணம் கட்டி நோயாளியை அந்த இல்லங்களில் விட்டுவிட்டுப் போயின.

சங்கிலி அங்கேதான் நுழைகிறது. நாற்பது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரவும் பகலும் ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும். சங்கிலிக்குச் சம்பளம் கிடையாது. அது பக்தியின் சின்னம் அல்ல, செலவைக் குறைக்கும் கருவி. எந்த மதத்தின் எந்த நூலையும் இதற்குச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. இல்லம் நடத்துபவரின் வரவு செலவு நோட்டு போதும்.

அன்றும் சட்டம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படியே உரிமம் வேண்டும். யாரும் கேட்கவில்லை. தீக்குப் பிறகு அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இல்லத்தின் உரிமையாளர் உள்ளிட்டவர்களுக்கு 2007இல் சிறைத் தண்டனை கிடைத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் சங்கிலிக்கு முழுத் தடை வந்தது. அதற்குப் பிறகும் உத்தரப் பிரதேசம் பதாவூனில் ஒரு வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய காப்பகத்தில் நோயாளிகள் சங்கிலியில் இருப்பதை எதிர்த்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 60 நாடுகளில் மனநோயாளிகள் கட்டிவைக்கப்படுவதைப் பதிவுசெய்தது. எல்லா மதத்தாரும் அந்த நாடுகளில் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் போடப்படும் சங்கிலியும் உண்டு. அதைப் போட்டவரைக் கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது. விதவைத் தாய் ஒருத்தி நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும். முப்பது வயது மகன் அவிழ்த்துவிட்டால் நெடுஞ்சாலைக்கு ஓடுகிறான். ஒருமுறை லாரியில் அடிபட இருந்தான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் என்ன செய்வாள்? சட்டம் அவளுக்குச் ‘செய்யாதே’ என்று மட்டும் சொல்கிறது. ‘இதைச் செய்’ என்று சொல்ல அவள் ஊருக்கு யாரும் வந்ததில்லை.

மருந்தும் மன்றாட்டும்

வழிபாட்டுத் தலத்திலிருந்து நோயாளிகளை விரட்டுவது தீர்வல்ல. விரட்டினால் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போவார்கள். நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவர் போக வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டம் உனாவாவில் இருக்கும் மீரா தாதர் தர்காவில் 2008 முதல் ‘தவா–துவா’ என்ற ஏற்பாடு நடக்கிறது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்காருகிறார். அங்கே ஓதிப் பார்க்கும் தர்காப் பொறுப்பாளர்களான முஜாவர்களுக்கு நோயின் அறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார்கள். ‘நான் ஓதுகிறேன், நீ அந்த அறையில் போய் மாத்திரையும் வாங்கிக்கொள்’ என்று முஜாவரே அனுப்பும்போது குடும்பம் தயங்குவதில்லை. இதே பாணியில் ஏர்வாடியிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிகிச்சை மையம் வந்தது. குணசீலத்தில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவரின் வருகையும் உண்டு. தீர்த்தமும் நடக்கிறது, மாத்திரையும் நடக்கிறது.

மனநல மருத்துவர்கள் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. தர்காவில் போய் உட்கார்ந்தால் பேயோட்டுவதை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகாதா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் கொஞ்சம் தொழில் கௌரவமும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. அம்மை குத்தவும் போலியோ சொட்டு கொடுக்கவும் திருவிழாக் கூட்டத்துக்குள் போன பொதுச் சுகாதாரத் துறைக்கு இந்தக் கூச்சம் வந்ததில்லை.

கூட்டுச் சேர்வதற்கு நிபந்தனை உண்டு. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, மிளகாய்ப் புகை போடக் கூடாது, பட்டினி போடக் கூடாது. பேயோட்டுவதாகச் சொல்லிக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டி அடிப்பதை மகாராஷ்டிரம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே பட்டியலிட்டிருக்கிறது. அங்கே அந்தச் சட்டத்துக்காகப் போராடிய நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அது வந்தது என்பது தனிக் கதை. நம்மிடமும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒருவரை அடிப்பதும் அடைத்துவைப்பதும் எந்தப் புதுச் சட்டமும் இல்லாமலே குற்றம்தான் என்பதைக் காவல் நிலையங்கள் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடியும்.

என் பார்வையில் சங்கிலிக்கு அடுத்த பெரிய ஆபத்து, ‘மாத்திரையைத் தூக்கிப் போடு, விசுவாசம் போதும்’ என்கிற பேச்சு. ஜெபக்கூட்டத்திலும் கேட்கிறோம், ஆசிரமத்திலும் கேட்கிறோம், குறிமேடையிலும் கேட்கிறோம். கேட்டுவிட்டு நன்றாகத் தேறியிருந்தவர் மருந்தை நிறுத்துகிறார். சில வாரம் ஒன்றும் ஆவதில்லை. அதையே அற்புதம் என்று மேடையில் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். நோய் திரும்பும்போது மேடை வேறு ஊரில் இருக்கும். வலிப்பு மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இதே கதிதான். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தப் பூசாரிக்கும் போதகருக்கும் கிடையாது. இதை வெளியிலிருந்து நாத்திகர் சொல்வதைவிட ஆதீனங்களும் ஆயர்களும் ஜமாஅத்துகளும் சொன்னால் பலமடங்கு எடுபடும். இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

இனி செய்ய வேண்டியவை

மாநிலத்தில் எந்தெந்தத் தலங்களில் மனநோயாளிகள் வந்து தங்குகிறார்கள் என்பது அந்தந்த ஊர் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அரசிடம் முறையான பட்டியல் வேண்டும். அறநிலையத் துறை, வக்ஃபு வாரியம், மறைமாவட்டங்கள் ஆகியவை மாநில மனநல ஆணையத்தோடு உட்கார்ந்தால் சில மாதங்களில் அதைத் தயாரித்துவிடலாம். அந்தத் தலங்களில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வாரம் ஒருநாள், கூட்டம் வரும் நாளாகப் பார்த்து உட்கார வேண்டும். வெள்ளி, செவ்வாய், அமாவாசை எதுவோ அது. பெரிய கோயில்கள் சிலவற்றில் 2021 இறுதியிலிருந்து மருத்துவ மையங்கள் இயங்குகின்றன. மயங்கி விழுபவருக்கு முதலுதவி தரும் அந்த அறையில் மனநலத்துக்கும் ஒரு நாற்காலி போடுவது பெரிய செலவு அல்ல.

பூசாரி, லெப்பை, பங்குத்தந்தை, போதகர், கோடாங்கி எல்லோருக்கும் சின்னப் பயிற்சி தேவை. அவர்களை மருத்துவர் ஆக்குவதற்கு அல்ல. காய்ச்சலோடு பிதற்றுபவர், சாகப் போகிறேன் என்பவர், பிள்ளை பெற்றவள், பல நாள் சாப்பிடாதவர் ஆகியோரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். அனுப்பியவரை மருத்துவர் அலட்சியமாகப் பேசக் கூடாது. பேசினால் அடுத்தவரை அவர் அனுப்ப மாட்டார்.

தலங்களைச் சுற்றி நோயாளிகளைத் தங்கவைக்கும் விடுதிகள் எல்லாம் பதிவுக்குள் வர வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். மாதக் கட்டணம் வாங்கி நடத்துபவருக்கு இது உறைக்கிற தொகை அல்ல. அடுத்தடுத்த முறை தொகை ஏறும்; ஆனால் முதல் முறையே யாராவது போய்ப் பார்த்தால்தானே இரண்டாவது முறை? முன்னறிவிப்பில்லாத ஆய்வு, அதிலும் இரவு ஆய்வு வேண்டும். சங்கிலி பெரும்பாலும் இரவில்தான் பூட்டப்படுகிறது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது ஊரில் பெரிய ஆறுதலாக இருந்தது. அதே பையில் மனநோய் மாத்திரைக்கும் ஒழுங்கான இடம் வேண்டும். தினம் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு. அது ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிடைத்தால் மாவட்டத் தலைநகர்ப் பயணம் மிச்சம்.

எல்லாவற்றையும்விட அவசரமாக வேண்டியது, பராமரிப்பவருக்கு ஓய்வு. வீடற்ற மனநோயாளிகளுக்கு மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அமைத்திருக்கிறது. அதில் தொண்டு நிறுவனங்களின் பங்கும் பெரிது. வீடு இருக்கிறவருக்குத்தான் ஒன்றும் இல்லை. அறுவடைக் காலத்திலோ அறுவைச் சிகிச்சைக்கோ ஒரு மாதம் நோயாளியை மரியாதையாக விட்டுவிட்டு வர, பகலில் மட்டும் விட்டுவிட்டு வேலைக்குப் போக, வட்டத்துக்கு ஓர் இடம் இருந்தால் வீட்டுச் சங்கிலிகள் பெரும்பாலும் தாமாகக் கழன்றுவிடும்.

அக்கம்பக்கத்தாருக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் மனநோயாளி கொடுமைப்படுத்தப்படுவதாகவோ கவனிக்கப்படாமல் கிடப்பதாகவோ தெரிந்தால் யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் சொல்லலாம். காவல் அதிகாரி அதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு இது. மகனைக் கட்டிவைத்த தாயைச் சிறைக்கு அனுப்ப அல்ல, அவளுக்கு உதவி போய்ச் சேர இதைப் பயன்படுத்த வேண்டும்.

வேண்டுதலில் இருக்கும் குடும்பங்களுக்கு: மண்டலம் இருங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாத்திரையோடு இருங்கள். நோன்போ விரதமோ இருக்கப் போவதாக மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லித்தியம் போன்ற மருந்து எடுப்பவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அந்த மருந்தே நஞ்சாகலாம். வேளையை மாற்றித் தர மருத்துவரால் முடியும். அவர் சிரித்தால் வேறு மருத்துவரிடம் போங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கோயில், தர்கா, தேவாலய நிர்வாகிகள் இந்த எண்ணை உண்டியலுக்குப் பக்கத்தில் எழுதிவைக்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.